இரண்டு காற்று அடித்த கப்பல்

நான் இதுவரை எந்தப் பாய்மரக் கப்பலிலும் ஏறியதில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஓடிய, நான்கு பாய்மரங்கள் கொண்ட எஃகுச் சரக்குக் கப்பலில் எந்தக் கயிறு எங்கே கட்டப்படும் என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்வேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வமும் அதைவிடப் பெரிதாக இருந்த ஒரு பொறாமையும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தைத்தான் எழுதுகிறேன்.

துபாய் அல்கூஸில், டயர் கடைகளுக்கும் குளிர்சாதனக் குழாய்க் கிடங்குகளுக்கும் நடுவில் எங்கள் பட்டறை இருக்கிறது. கட்டப்போகும் அடுக்குமாடிகளையும் வில்லாக்களையும் மேசை அளவுக்குச் சுருக்கி மாடல் செய்வதுதான் தொழில். வீடு விற்கும் அலுவலகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிப் பனைமரங்களோடு பார்த்திருப்பீர்கள். நான் மாடியில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து, அதற்கு மேல் இன்ஜினியரிங்கும் முடித்தேன். இதையும் கர்வமாகத்தான் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு ஹோட்டல் முதலாளி எங்களிடம் கப்பல் கேட்டார். கடலைப் பார்த்த பெரிய முன்கூடம், அதன் நடுவில் இரண்டு மீட்டர் நீளத்தில் பாய் விரித்த கப்பல் நிற்க வேண்டும். மரக்கலம் ஊரெல்லாம் இருக்கிறது, எனக்கு இரும்புக் கப்பல் வேண்டும் என்றாராம். எங்கள் மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தாண்டிய பெண்மணி. அவர் என் மேசைக்கு வந்து ஃபைலை வைத்தார்.

"கட்டடம் கீறிக் கீறி அலுத்துப் போச்செண்டு சொன்னீரே பிள்ளை. இந்தாரும், கப்பல்."

"எனக்குக் கப்பலைப் பத்தி ஒண்ணும் தெரியாதே மேடம்."

"எனக்கு மட்டும் தெரியுமோ? படியும். நீர் படிக்கிற ஆள்தானே."

அந்தக் கடைசி வரிக்காகவே நான் மூன்று மாதம் படித்தேன். சத்வா பகுதியில் நான்கு பெண்கள் இருக்கும் அறையில் என் கட்டிலுக்கு ஒரு திரை உண்டு. திரைக்குள் உட்கார்ந்து, பழைய கப்பல் கையேடுகளின் நகல்களைப் பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு முப்பது சொல்லாவது அகராதியில் தேட வேண்டியிருந்தது. முதலில் எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இரும்பை உருக்கித் தகடாக்கிக் கப்பல் கட்டத் தெரிந்தவர்கள், நீராவி இயந்திரமும் கையில் இருந்தவர்கள், ஏன் அதில் பாயைக் கட்டினார்கள்?

காற்றுக்கு நிலக்கரி வேண்டாம், அதுதான் காரணம். அவசரச் சரக்கையும் தபாலையும் பயணிகளையும் நீராவிக் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகக் கொண்டுபோய்விட்டன. அவசரமில்லாத சரக்கு பாய்மரத்துக்கு மிஞ்சியது: நிலக்கரி, கோதுமை, கம்பளி, கல்கத்தாவின் சணல், தென்னமெரிக்காவின் வெடியுப்பு. அவற்றை மலிவாகச் சுமக்க வேண்டுமென்றால் கப்பல் பெரிதாக இருக்க வேண்டும், ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். இரும்பு வந்தபின் மரத்தில் நினைக்க முடியாத நீளத்துக்குக் கப்பலை இழுக்க முடிந்தது. பிறகு எஃகு வந்தது. பாய்மரம் எஃகுக் குழாய், பாயைத் தாங்கும் குறுக்குக் கழி எஃகு, மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகூடக் கம்பிக் கயிறு. பழைய போர்க்கப்பல் மாதிரி தோன்ற, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை அடித்து அதில் கறுப்புச் சதுரங்கள் வரைந்து வைத்தார்கள். பீரங்கிச் சன்னல் போல இருக்கும், உள்ளே இருப்பது சணல் மூட்டை. அந்தப் பொய் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"கப்பலா செய்யுத?"

"மாடலும்மா. சின்னதா."

"பொம்மைக் கப்பலா? ஏட்டி, பொம்மை செய்யவா இம்புட்டுப் படிச்ச?"

பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அம்மாவுக்கு அந்தக் கப்பலை, அதன் பக்கத்தில் நிற்கும் என்னோடு சேர்த்து, ஒரு படமாக அனுப்ப வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நான்காவது மாதம் எங்கள் வரைபடப் பிரிவுக்குப் புதிதாக அவள் வந்தாள்.

என்னைவிட இரண்டு வயது இளையவள். சென்னைக் குடும்பம், ஆனால் பிறந்தது, வளர்ந்தது, பள்ளி எல்லாம் துபாய். அப்பா வங்கியில் பெரிய பதவியில் இருந்தார். காலையில் அவரே காரில் கொண்டுவந்து விடுவார். நான் மெட்ரோவில் வந்து, பஸ் மாறி, டயர் கடைகளின் ஓரமாக நடந்து வந்து சேரும்போது அவள் ஏற்கெனவே காபியோடு உட்கார்ந்திருப்பாள். முதல் நாளே என்னை அக்கா என்றாள். அவள் ஆங்கிலம் பேசும்போது வாக்கியம் எங்கே முடியும் என்று யோசிப்பதே இல்லை. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன்.

வேலை அதிகம் என்று மேலாளர் கப்பலைப் பிரித்தார். கப்பலின் உடலும் சுக்கானும் பாய்மரங்களும் கயிறுகளும் எனக்கு. மேல்தளமும் பாய்களும் கொடிகளும் அவளுக்கு. என் கப்பலைப் பாதியாக வெட்டிக் கொடுத்தது போல இருந்தது. ஆனாலும் மேலாளர் என்னைத்தான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லித்தரச் சொன்னார். சொன்னேன். அவள் வேகமாகப் பிடித்துக்கொண்டாள். அதுவும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் சுக்கான் சக்கரத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன். இந்த வகைக் கப்பலில் பின்புறம் ஆள் உயரச் சக்கரம் ஒன்றின் பின் ஒன்றாக இரட்டையாக இருக்கும். கொந்தளிக்கும் கடலில் நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எந்தக் கையேட்டிலும் தெளிவாக இல்லை.

"அக்கா, இதுவா?" என்று போனை நீட்டினாள்.

படத்தில் பன்னிரண்டு வயதில் அவள், கையில் ஐஸ்கிரீமோடு, அந்த இரட்டைச் சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஐரோப்பாவில் ஏதோ துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்த கப்பலாம்.

"நீ இதுல ஏறியிருக்கியா?"

"லீவ்ல போனோம் அக்கா. செம போர். அப்பா ஒவ்வொரு போர்டையும் நின்னு படிச்சாரு. எனக்குக் கால் வலி. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துத்தான் மேல ஏத்துனாங்க."

மூன்று மாதம் நான் எழுத்து எழுத்தாகத் தோண்டிய கப்பலில் இவளை ஐஸ்கிரீம் கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள். அவளுக்கு அது கால் வலித்த ஒரு மதியம். அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அளவு எடுக்க வேறு வழியில்லை. படத்தில் இருந்த அவள் முழங்கையை அளவுகோலாக வைத்து இடைவெளியைக் கணக்கிட்டேன். என் வரைபடத்தின் அந்தப் பகுதி சரியாக இருப்பது அந்த முழங்கையால்தான்.

அதன்பின் அவள் செய்த எல்லாமே எனக்கு வலித்தது. அவள் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை எனக்கும் வைப்பாள். அதன் ருசிகூட வலித்தது. மேலாளர் அவள் பேச்சுக்குச் சிரித்தால், நான் சொன்ன எதற்குக் கடைசியாக அவர் சிரித்தார் என்று தேடுவேன்.

கப்பல் முடிகிற நேரத்தில் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். இதே முதலாளிக்கு இன்னொரு ஹோட்டல் வருகிறது, அதற்கு ஆறு கப்பல் கேட்கிறார் என்றார். அந்த ஆறு கப்பலுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். இந்தக் கப்பலை முதலாளியின் முன் யார் விளக்குகிறாரோ, அவரைத்தான் அவர்கள் அடுத்ததற்கும் கேட்பார்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இவ கதைக்கட்டும்," என்று மேலாளர் அவளைக் காட்டினார். "நீர் பக்கத்திலை நில்லும். நுணுக்கமாய் ஏதும் கேட்டினமெண்டால் எடுத்துக் குடும். என்ன பிள்ளை, ஓமோ?"

"ஓகே மேடம்," என்றேன்.

அவள் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க எழுதிக் குடுங்க, நான் படிச்சிர்றேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நல்ல எண்ணத்தில் சொன்னதால்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கப்பலைப் பற்றி நான் எழுதி, அவள் வாயால் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை அவளுடைய கடைசித் தாள் என் மேசைக்கு வந்தது. எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அது கீழே வேலைக்குப் போகாது. தாளின் வலது மூலையில் இரண்டு கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர். கீழே இருக்கும் கைவினைஞர்கள் தாளில் உள்ளதை மயிரிழை பிசகாமல் செய்வார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

அது கொடிகளின் தாள். இரண்டாவது பாய்மரத்தின் உச்சியில் கப்பல் கம்பெனியின் கொடி, பின்மரத்தில் பெரிய கொடி. இரண்டும் கப்பலின் பின்பக்கமாக, அலை அலையாக, அழகாகப் பறந்தன.

பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் மாடலில் காற்று பின்னாலிருந்து அடிக்கிறது. பாய்கள் எல்லாம் முன்பக்கமாக வயிறு தள்ளி நிற்கின்றன. பாயைத் தள்ளும் அதே காற்றுதான் கொடியையும் தள்ளும். கொடி முன்னால் பறக்க வேண்டும். பின்னால் பறப்பது காரில் கட்டிய கொடி. இயந்திரம் ஓட்டும் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது கொடி பின்னால் விழும். காற்று ஓட்டும் கப்பலில் அப்படி நடக்காது. எனக்கு இது பிறவியிலேயே தெரிந்ததல்ல. இரண்டு மாதத்துக்கு முன் நான் போட்ட கரட்டுப் படத்திலும் கொடி பின்னால்தான் பறந்தது. பிறகு ஒரு பழைய படத்தைப் பார்த்து விழித்துக்கொண்டு, யாரும் பார்க்குமுன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

அவள் எதிர் மேசையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். 'கொடியைத் திருப்பு' என்று இரண்டு சொல் போதும்.

நான் பேனாவை எடுத்துச் சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன நடக்கும் என்று திட்டம் போட்டேன் என்று சொல்ல முடியாது. அவளிடம் ஒரு தப்பு இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும். அது எனக்குப் போதுமாக இருந்தது. அன்று மதியம் புளியோதரை ருசியாகவே இருந்தது.

கொடிகளை மெல்லிய செம்புத் தகட்டில் வெட்டி, வளைத்து, வர்ணம் பூசி, பித்தளைப் பாய்மரங்களோடு பற்றவைத்தார்கள். கப்பல் கண்ணாடிப் பெட்டிக்குள் போய், விளிம்பெல்லாம் பசை வைத்து அடைக்கப்பட்டது.

ஹோட்டலில் ஒப்படைத்தது ஒரு காலைப் பொழுதில். முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முதலாளி, அவருடைய மேலாளர்கள், பேரீச்சையும் கஹ்வா என்னும் அரபுக் காபியும் கொண்டுவரும் பணியாளர்கள். முதலாளியின் பெரியப்பாவும் வந்திருந்தார். தடியை ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதியவர். அவள் பேசினாள். நான் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினாள், ஆனால் பீரங்கிச் சன்னல் பொய்யைச் சொல்லும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது. நான் பக்கத்தில் நின்றேன். யாரும் நுணுக்கமாக எதுவும் கேட்கவில்லை.

பேசி முடித்ததும் முதியவர் எழுந்து வந்தார். கண்ணாடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அந்தக் காலத்து ஆட்கள் பலரைப் போல அவரும் எங்களிடம் ஹிந்தியில்தான் பேசினார்.

"ஹவா ஏக் ஹை, யா தோ?"

காற்று ஒன்றா, இரண்டா? அவள் புரியாமல் சிரித்தாள். முதியவர் தடியால் பாயைக் காட்டி, "யே ஹவா இதர் ஸே," என்றார். பிறகு கொடியைக் காட்டி, "யே ஹவா உதர் ஸே," என்றார். பாய்க்கு இந்தப் பக்கத்துக் காற்று, கொடிக்கு அந்தப் பக்கத்துக் காற்று. அவருடைய வாப்பாவின் மரக்கலம் பம்பாய் வரை போனது என்று முதலாளி கொஞ்சம் சங்கடத்தோடு எங்களுக்கு விளக்கினார்.

எனக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. இப்போது அவள் முகம் சுண்டும், நாக்கு குழறும் என்று காத்திருந்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "மை மிஸ்டேக்! நேஷனல் டேக்கு எங்க கார்ல கட்டுவோம்ல, அதை அப்படியே வரைஞ்சிட்டேன்," என்று என்னிடம் தமிழிலும், அதையே அவர்களிடம் ஆங்கிலத்திலும் சொன்னாள். முதியவருக்கு அதை யாரோ அரபியில் சொல்ல, அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "கப்பலுக்கு எஞ்சின் போட்டுவிட்டாயா?" என்று கேட்டதாக மொழிபெயர்த்தார்கள். அவள் கொடியைத் திருப்பி வைக்க எத்தனை நாள் ஆகும் என்று அங்கேயே பேசி முடித்தாள். முதியவர் அவளுக்குத் தன் கையால் பேரீச்சை எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவு பேர் நடுவில் தப்பு செய்து, அதைத் தன் வாயால் சொல்லி, அதன் பிறகும் அவள் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ஆங்கிலம், கார், ஐஸ்கிரீம் கப்பல் எதன்மேலும் எனக்கு வராத பொறாமை அந்த நிமிடத்தில் வந்தது. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் உப்பளத்திலிருந்து அதுவரை ஏறிவந்த ஒவ்வொரு படியும் என்னோடு சேர்ந்து சரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்ததும் மேலாளர் அந்தத் தாளை எடுத்து வரச் சொன்னார். அவளும் கூட இருந்தாள். அவர் மூலையில் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதைக் கண்டனீரோ, காணேல்லையோ?"

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்திலேயே அதற்கு வழி இருந்தது. வேலை அதிகம், கவனிக்கவில்லை என்றால் ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், கொடி எந்தப் பக்கம் பறக்கும் என்று எனக்குத் தெரியாது என்றாகிவிடும். மூன்று மாதம் படித்தவளுக்குத் தெரியாது, தடி ஊன்றிய கிழவருக்குத் தெரியும். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"பார்த்தேன் மேடம்."

"பாத்துப்போட்டோ கையெழுத்து வைச்சனீர்?"

"ஆமா. கொடி முன்னாடி பறக்கணும்னு எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னதன் மறுபாதி எனக்கே உறைத்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வரப் பழகாத முகம் அது, வந்தபோது எங்கே வைத்துக்கொள்வதென்று அதற்குத் தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருந்தேன்."

மேலாளர் தாளை மடித்தார். "தெரியாமல் விட்டிருந்தால் நான் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன், பிள்ளை. எனக்கும் எத்தினை பிழை வந்திருக்கு. தெரிஞ்சு வைச்ச கையெழுத்தை நான் என்னெண்டு நம்புறது? நாளைக்கு உம்மடை பேரைப் பாத்துப்போட்டுத்தானே கீழை வெட்டப் போறாங்கள்?"



ஆறு கப்பலும் அவளுக்குப் போனது. அது எனக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது இன்னொன்று. மறு உத்தரவு வரை சரிபார்த்தவர் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடக் கூடாது. என் தாள்கள் எல்லாம் அவள் பார்த்து, அவள் கையெழுத்தோடு கீழே போகும்.

இரண்டு வாரம் அவள் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். அவள் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எனக்கு வைக்காமல் தனியாகச் சாப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். முதலில் ஆங்கிலத்தில், உள்ளே சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். அது அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. அப்புறம் தமிழில், "பொறாமைல பண்ணிட்டேன்" என்றேன். "தெரியும்," என்றாள். "என்கிட்ட என்ன இருக்குன்னு பொறாமை? அதுதான் புரியல." நான் சொல்ல ஆரம்பித்திருந்தால் அன்று வேலை நடந்திருக்காது.

புது வரிசையின் முதல் கப்பலுக்கு நான் வரைந்த கயிறுகளின் தாளை அவள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். சிவப்புப் பேனாவில் மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தைப் பார்த்தேன், தப்பு அவளுடையது. அந்தக் கயிறு அங்கேதான் இறங்கும், ஏன் என்று விளக்கினேன். தலையாட்டி அந்த வட்டத்தை அடித்துவிட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விரலை வைத்தாள்.

முன்மரத்துக்கும் இரண்டாவது மரத்துக்கும் நடுவில், மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறு ஒன்று பாயின் ஊடாகவே போய்க்கொண்டிருந்தது. அப்படிக் கட்டினால் பாயை விரிக்க முடியாது, கிழியும். கையேட்டில் சரியாக இருந்ததை நான்தான் தப்பான இடத்தில் இழுத்திருந்தேன். சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேனாவோடு காத்திருந்தாள்.

"இது என் தப்பு," என்றேன். "நான் பார்க்கலை."

யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அவள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளைப் புரட்டி அடுத்த பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.